டிப்ளமோ முடித்துவிட்டுக் கோவைக் கம்பெனிகளில் வேலை தேடுபவர்களுக்கு: ரெஸ்யூமில் எதை எழுதுவது, இன்டர்வியூவில் எதைச் சொல்வது

கோவையில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஹெச்ஆர் பிரிவில் இருக்கிறேன். குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் மெஷின்) ஆபரேட்டர், லைன் சூப்பர்வைசர் வேலைகளுக்கு ஆள் எடுப்பது என் பொறுப்பு. பாலிடெக்னிக் ரிசல்ட் வந்த கையோடு மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் ரெஸ்யூம்கள் குவியும். தேனி, திண்டுக்கல், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு வேலை நன்றாகவே தெரியும். ஆனால் அது அவர்கள் அனுப்பும் காகிதத்தில் இருக்காது. எதிரே உட்கார்ந்து பேசும்போதும் வாயிலிருந்து வராது. வேலை தெரிந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது ஒன்றுதான். உங்கள் கை எதைச் செய்திருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். எந்த மெஷின், எந்தப் பாகம், எந்தக் கருவி, என்ன அளவு என்று சொல்லுங்கள். "கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், குழுவாக வேலை செய்வேன்" என்று எழுதினால் அதை வைத்து உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியாது, ஏனென்றால் எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள். "பம்ப் இம்பெல்லரின் துளையை போர் கேஜ் வைத்து அளந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் அந்த ரெஸ்யூமைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலையை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். மெயின்டனன்ஸ், டிசைன், ஸ்டோர்ஸ் என்று வேறு எதற்கு விண்ணப்பித்தாலும் வழி இதேதான்.

அனுப்புவதற்கு முன்

விளம்பரத்தை முழுதாகப் படியுங்கள். "டிப்ளமோ மெக்கானிக்கல், 0-2 வருட அனுபவம், மூன்று ஷிஃப்ட், ட்ராயிங் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்று இருந்தால் அதில் நான்கு கேள்விகளுக்கு உங்களிடம் பதில் எதிர்பார்க்கிறார்கள். நைட் ஷிஃப்ட் வர முடியாது என்றால் அதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு அந்த வேலையை விட்டுவிடலாம். மூன்று சுற்று முடிந்தபின் "வீட்டில் நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்கிறார்கள்" என்று சொன்னால் உங்கள் பஸ் காசும் நேரமும்தான் வீண்.

அடுத்து, அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோவையில் பம்ப், மோட்டார், கிரைண்டர், வால்வு, டெக்ஸ்டைல் மெஷின், வாகன பாகம் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்று செய்கிறது. சிலர் வார்ப்பும் செய்து மெஷினிங்கும் செய்வார்கள். சிலர் வார்ப்பை வெளியே வாங்கி மெஷினிங் மட்டும் செய்வார்கள். இணையதளத்தில் பொருட்களின் படம் இருக்கும், பாருங்கள். உள்ளூர்க்காரர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டு நில்லுங்கள். யூனிஃபார்மோடு வருகிற அண்ணன்களிடம் "உள்ளே என்னங்கண்ணா ஓடுது, வெர்டிக்கலா, டர்னிங் சென்டரா?" என்று, அதாவது எந்த வகை சிஎன்சி மெஷின் என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பஸ் வருமா, கேன்டீன் எப்படி, சம்பளம் தேதிக்கு வருமா என்பதெல்லாம்கூட அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பேச்சில் கிடைக்கும் விவரம் எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

ரெஸ்யூம்

புதிதாகப் படித்து முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும். மேலே பெயர், போன் நம்பர், மெயில், இப்போது தங்கியிருக்கும் ஊர். ஊரைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் தங்க இடம் தேவைப்படுமா, எப்போது வந்து சேர முடியும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். அப்பா பெயர், சாதி, மதம், திருமணமானவரா, ஆதார் எண் எதுவும் வேண்டாம். கடைசியில் வரும் "மேலே கூறியவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழியும் வேண்டாம். "பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் பார்ப்பது" வேண்டாம். மாவட்ட அளவில் கபடி ஆடியிருந்தால் அது வேறு, அதை எழுதுங்கள். அணியில் விளையாடியவர் என்பதை நாங்கள் கவனிப்போம்.

முதலில் வரும் அந்த "கேரியர் அப்ஜெக்டிவ்" பத்தியையும் எடுத்துவிடலாம். "எனது திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பாடுபட" என்று தொடங்கும் அந்த வரிகள் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு அப்படியே கைமாறி வருபவை. எழுத்துப்பிழைகூட மாறாமல் ஒரே கல்லூரியிலிருந்து வரிசையாக வரும். அந்த இடத்தில் இரண்டே வரியில் நீங்கள் யார் என்று எழுதுங்கள்: "டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ் பயன்படுத்தத் தெரியும். குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். மூன்று ஷிஃப்ட்டுக்கும் தயார்."

இப்போது முக்கியமான இடம். நிறையப் பேர் "இன்பிளான்ட் டிரெய்னிங்: ஒரு வாரம்" என்று ஒரு வரி எழுதி, கம்பெனி பெயரைப் போட்டு முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் என்ன செய்தீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். வந்த பையன்களிடம் நான் நேரில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "ஒன்றும் செய்யவில்லை மேடம், சும்மா நின்று பார்த்தோம்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கிளறினால், "ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இருந்த அக்கா பிளக் கேஜ் கொடுத்து ஒரு டிரே முழுக்கச் செக் பண்ணச் சொன்னாங்க" என்று வரும் (துளைக்குள் விட்டு அளவு சரியா என்று பார்க்கும் உருளைதான் பிளக் கேஜ்). அதைத்தான் எழுத வேண்டும்! "பிரேக் பாகத்தின் துளையை கோ, நோ-கோ பிளக் கேஜால் சோதித்து, தேறாதவற்றைப் பிரித்து வைத்தேன். ஆய்வு அறிக்கையில் அளவுகளைப் பதிவு செய்தேன்." பார்த்ததைப் பார்த்தேன் என்றும், செய்ததைச் செய்தேன் என்றும் எழுதுங்கள். பார்த்ததைச் செய்ததாக எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய சோலார் புல்வெட்டும் இயந்திரம் எங்களுக்கெல்லாம் பழக்கமானது. குழுவில் ஐந்து பேர் இருந்தால் உங்கள் பங்கு என்ன? ஃபிரேமை வெல்டிங் செய்தீர்களா, ஷாஃப்டை லேத்தில் கடைந்தீர்களா, பேரிங் வாங்கக் கடை கடையாக அலைந்தீர்களா? பேரிங் வாங்கப் போனவர் என்றால் அதன் எண்ணைச் சொல்லுங்கள். "6204 பேரிங், உள்விட்டம் 20 மில்லிமீட்டர்" என்று ஒரு பையன் சொன்னால் அந்த வேலையில் அவனுக்கு நிஜமாகவே பங்கு இருந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

சாஃப்ட்வேர் பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள். ஆட்டோகேட் தெரியும் என்றால் எதை வரைந்தீர்கள் என்று ஒரு வரி போதும். எக்செல் பழகிக்கொள்ளுங்கள். குவாலிட்டியில் தினமும் அறிக்கை எக்செலில்தான் போகிறது. அதில் சராசரி, அதிகபட்சம், குறைந்தபட்சம் எடுக்கவும் ஒரு வரைபடம் போடவும் தெரிந்தாலே பாதிக் கவலை தீரும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து கல்லூரிகளிலேயே திறன் பயிற்சிகள் கிடைக்கின்றன. அப்படி ஏதாவது முடித்திருந்தால் சான்றிதழின் பெயரோடு விடாமல், அதில் கற்ற ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். "ஒரு பாடம் பாக்கி, வரும் தேர்வில் எழுதுகிறேன்" என்று எழுதிவிடுங்கள். சேரும்போது மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துத்தான் எடுப்போம், அப்போது தெரிந்தால் அரியரைவிட மறைத்ததுதான் பெரிய குறையாகிவிடும். படிப்பு முடிந்து ஒரு வருடம் இடைவெளி இருந்தாலும் பயம் வேண்டாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் கடையைப் பார்த்துக்கொண்டீர்களா, துணிக்கடையில் நின்றீர்களா, டெலிவரி வேலை பார்த்தீர்களா, அதை எழுதுங்கள். ஒரு வருடம் டெலிவரி செய்த பையன் வெயில் மழை பார்க்காமல் வேலைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். கோப்பின் பெயர் "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 3" என்று இருந்தால் என் கம்ப்யூட்டரில் அது தொலைந்துபோகும். உங்கள் பெயரும் வேலையின் பெயரும் அதில் இருக்கட்டும். மெயிலில் ஃபைலை மட்டும் இணைத்து ஒன்றும் எழுதாமல் விடாதீர்கள். எந்த வேலைக்கு, எங்கே பார்த்தீர்கள், எப்போது சேர முடியும் என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் "வணக்கம்" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். விஷயத்தையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

போன் வரும்போது

விண்ணப்பித்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். பஸ்ஸில் இருந்தால் "இறங்கியதும் கூப்பிடட்டுமா, மேடம்?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தெந்தக் கம்பெனிக்கு எந்த வேலைக்கு அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "எந்தக் கம்பெனிங்க?" என்று நீங்கள் திருப்பிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் பெயரைச் சொன்னபிறகும் நினைவுக்கு வரவில்லை என்றால் பேச்சு அங்கேயே சுருங்கிவிடும். வைப்பதற்கு முன் தேதி, நேரம், எந்த கேட், யாரைப் பார்க்க வேண்டும் என்று நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு மூன்று யூனிட் இருக்கும். குறிச்சி சிட்கோவில் இருக்கும் யூனிட்டுக்கு வரச் சொன்னால் அரசூர் யூனிட்டில் போய் நிற்பவர்கள் உண்டு. இரண்டும் ஊரின் இரு கோடிகள். மதுரை, தேனிப் பக்கமிருந்து வருகிறவர்கள் சிங்காநல்லூரில் இறங்கினால் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கிளம்பும் நாள்

இஸ்திரி போட்ட சட்டை, மூடிய ஷூ. கோட், டை எதுவும் தேவையில்லை. பல கம்பெனிகளில் ஷாப் ஃப்ளோரைச் சுற்றிக் காட்டுவார்கள், செருப்போடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். உள்ளே போனதும் தரையில் மஞ்சள் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குள்ளேயே நடங்கள். போன் நோண்டிக்கொண்டே நடக்காதீர்கள். கூட வரும் சூப்பர்வைசர் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் கவனிப்பார். ரெஸ்யூம் இரண்டு பிரதி, மதிப்பெண் பட்டியல் நகல், போட்டோ, பேனா. ஒரிஜினல்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

அளந்து காட்டச் சொல்வார்கள்

எங்கள் துறையில் இன்டர்வியூ என்றால் பாதி இதுதான். மேஜையில் ஒரு பாகம், ஒரு ட்ராயிங், ஒரு வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர் இருக்கும். "இந்த விட்டத்தை அளந்து சொல்லுங்க தம்பி" என்பார் குவாலிட்டி மேனேஜர். பிள்ளைகள் அவசரமாக வெர்னியரை எடுத்துப் பிடித்து ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் எண் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மேனேஜர் பார்ப்பது எண்ணை இல்லை, அதற்கு முன் நடப்பதை.

வெர்னியரை எடுத்ததும் அதில் ஒட்டியிருக்கும் கேலிபிரேஷன் (கருவியைச் சரிபார்த்ததற்கான) ஸ்டிக்கரைப் பாருங்கள், தேதி தாண்டியிருக்கிறதா என்று. பிறகு தாடைகளைத் துணியால் துடையுங்கள். பாகத்தையும் துடையுங்கள், எண்ணெயும் பிசிறும் இருந்தால் அளவு தப்பும். தாடைகளை மூடி, பூஜ்யம் பூஜ்யத்தோடு சேருகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் அளக்க வேண்டும். ஓரிடத்தில் அளந்ததோடு நிறுத்தாமல் பாகத்தைத் திருப்பி இன்னோர் இடத்திலும் அளங்கள், வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால் அப்போதுதான் தெரியும். மைக்ரோமீட்டர் என்றால் கடைசியில் இருக்கும் சிறு திருகான ராட்செட்டைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும், கோடு போட்ட உருளையான திம்பிளை இறுக்கிவிடக் கூடாது. வேலை முடிந்ததும் அதனதன் பெட்டியில் வையுங்கள். மேஜை விளிம்பில் வைத்துவிட்டு எழுந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீணாகிவிடும்.

இதோடு பெரும்பாலும் ஒரு கேள்வி வரும். ட்ராயிங்கில் ஒரு துளை 25 எச்7 என்று இருக்கும். "இதை இந்த வெர்னியரில் அளக்கலாமா?" என்பார். 25 எச்7 என்றால் துளை 25.000 மில்லிமீட்டருக்கும் 25.021 மில்லிமீட்டருக்கும் இடையே இருக்க வேண்டும், அதாவது அளவு மாறலாம் என்று விடும் அனுமதி (டாலரன்ஸ்) 21 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையில் இருக்கும் வெர்னியர் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவோ 0.02, அதாவது 20 மைக்ரான். அனுமதி ஏறக்குறைய முழுவதும் வெர்னியரின் ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அனுமதியில் பத்தில் ஒரு பங்காவது காட்டும் கருவி வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஆகவே ஒரு மைக்ரான் காட்டும் டயல் பொருத்திய போர் கேஜ், இல்லையென்றால் பிளக் கேஜ். இந்த விடையை முழுதாகச் சொல்லத் தெரிய வேண்டும் என்பதில்லை. "வெர்னியர் பத்தாது சார், டாலரன்ஸ் ரொம்பக் குறைவு" என்று சொன்னாலே மேனேஜரின் முகம் மலரும். எச்7 என்றால் எத்தனை மைக்ரான் என்று மனப்பாடமாகத் தெரியாவிட்டால் "டேபிளில் பார்த்துச் சொல்லணும் சார்" என்று சொல்லுங்கள். ஷாப்பில் நாங்களும் டேபிளைப் பார்த்துத்தான் வேலை செய்கிறோம்.

அடுத்த கேள்வியும் அநேகமாக எல்லா இடத்திலும் கேட்கப்படும். "ஷிஃப்ட் நடுவில் ஒரு பீஸ் அளவு தாண்டிடுச்சு, என்ன பண்ணுவீங்க?" இதற்கு "ரிஜெக்ட் பண்ணிடுவேன் சார்" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு பீஸை ஒதுக்குவதோடு வேலை முடிந்துவிடாது. முதலில் ஆபரேட்டரிடமும் சூப்பர்வைசரிடமும் சொல்லி மெஷினை நிறுத்த வேண்டும். அந்த பீஸுக்குச் சிவப்பு டேக் போட்டு தேறாதவற்றைப் போடும் சிவப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். பிறகு பின்னோக்கிப் போக வேண்டும். கடைசியாகச் சரியென்று பதிவான பீஸிலிருந்து இதுவரை ஓடியதெல்லாம் சந்தேகத்துக்குரியவை, அவற்றைத் தனியாக எடுத்து முழுக்கச் சோதிக்க வேண்டும். இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்ததா, ஆஃப்செட் (மெஷினில் கொடுத்த அளவுத் திருத்தம்) மாறியதா என்று காரணத்தைப் பார்த்து, சரி செய்தபின் முதல் பீஸை அளந்து ஓகே செய்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். இந்த வரிசை உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டால் உங்களுக்கு அனுபவம் இருக்கிறதா என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

சில மேனேஜர்கள் இன்னும் ஒரு படி போவார்கள். "லோடு கிளம்பணும், சூப்பர்வைசர் பரவாயில்லை விட்டுடுன்னு சொல்றார். விடுவீங்களா?" சண்டை போடுவேன் என்றும் சொல்ல வேண்டாம், விட்டுவிடுவேன் என்றும் சொல்ல வேண்டாம். "நானாக விட முடியாது சார், குவாலிட்டி இன்சார்ஜிடம் சொல்லுவேன். அவர் டீவியேஷனில் எழுத்து மூலம் அனுமதி கொடுத்தால் அனுப்புவேன்" என்பது நடைமுறை தெரிந்தவர் சொல்லும் பதில்.

தரத்தைக் கண்காணிக்கப் பயன்படும் ஏழு கியூசி டூல்ஸின் பெயரை எல்லோரும் ஒப்பித்துவிடுகிறார்கள். "இதில் எதை நீங்களே போட்டுப் பார்த்திருக்கீங்க?" என்றால் அமைதி. வீட்டிலேயே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கல்லூரிப் பட்டறையில் கெட்டுப்போன ஜாப்களை நினைவுபடுத்தி, எது எத்தனை என்று எண்ணி ஒரு பரேட்டோ (அதிகமான குறையிலிருந்து குறைவானதுவரை வரிசையாகக் காட்டும் பட்டை வரைபடம்) வரைந்து கையில் கொண்டு வாருங்கள். யாரும் அப்படிக் கொண்டு வருவதில்லை, அதனாலேயே மறக்க மாட்டார்கள்.

பேச்சு

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றதும் மனப்பாடம் செய்த ஆங்கிலம் தொடங்கும். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பலம், பலவீனம். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் நின்றுவிடும், முகம் வியர்க்கும். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஷாப் ஃப்ளோர் வேலைக்கு "தமிழிலேயே சொல்லட்டுமா, சார்?" என்று கேட்கலாம். கோவைக் கம்பெனிகளில் பெரும்பாலும் "தாராளமா சொல்லுங்க" என்பார்கள். தொழில் சொற்கள் எப்படியும் ஆங்கிலத்தில்தான் வரும், அதற்கு இடையில் இருக்கும் வாக்கியம் தமிழில் இருந்தால் நீங்கள் யோசித்துப் பேச முடியும். கஸ்டமரோடு பேச வேண்டிய வேலை, மெயில் எழுத வேண்டிய வேலை என்றால் ஆங்கிலம் தேவை, அதைப் பழகத்தான் வேண்டும். ட்ராயிங்கின் ஓரத்தில் இருக்கும் குறிப்புகளைச் சத்தமாகப் படித்து விளக்கிப் பழகுங்கள், பொதுவான ஸ்போக்கன் இங்கிலீஷைவிட அது சீக்கிரம் கைகொடுக்கும்.

ஒரு நிமிடத்தில் மூன்று விஷயம் போதும்: என்ன படித்தீர்கள், கையால் என்ன செய்தீர்கள், இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள். "உங்க கம்பெனியில் வார்ப்பும் மெஷினிங்கும் ரெண்டும் இருக்கு, வார்ப்புக் குறை எப்படி மெஷினிங்கில் தெரியுதுன்னு கத்துக்க ஆசை" என்று சொன்னால் அது உங்களுடைய பதில். வேறு யாரும் சொல்ல முடியாது.

தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள். "சிஎம்எம் ஓட்டினதில்லை சார், காலேஜில் பார்த்திருக்கிறேன். ஹைட் கேஜில் அளந்திருக்கிறேன்." (சிஎம்எம் என்பது பாகத்தைத் தொட்டு அளவெடுக்கும் பெரிய மெஷின்.) இப்படிச் சொல்பவரைத் தைரியமாக எடுப்போம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "கல்யாணம் ஆனால் வேலையை விட்டுடுவீங்களா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்கக் கூடாத கேள்வி. நான் உட்காரும் குழுவில் இதைக் கேட்க விடுவதில்லை. ஆனால் வேறிடத்தில் கேட்டால் தடுமாறாதீர்கள். "தொடர்ந்து வேலை பார்க்கத்தான் சார் வந்திருக்கிறேன்" என்று ஒரு வரியில் முடித்து, வேலையைப் பற்றிய பேச்சுக்கு வந்துவிடுங்கள். குடும்ப விவரத்தை விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன: நைட் ஷிஃப்ட் உண்டா, உண்டென்றால் வண்டி வீடுவரை வருமா, ஓய்வறை இருக்கிறதா, புகார் சொல்ல உள்புகார்க் குழு இருக்கிறதா. கூச்சப்படாமல் கேளுங்கள். ஒழுங்கான கம்பெனி ஒழுங்காகப் பதில் சொல்லும்.

சம்பளம்

"எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்றால் "கம்பெனி பாலிசிப்படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே பகுதியில் வேலை பார்க்கும் சீனியர்களிடம் கேட்டு, இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று ஒரு வரம்பு சொல்லுங்கள். அவர்கள் ஒரு தொகை சொன்னால் அது சிடிசியா (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை), கைக்கு வருவதா என்று கட்டாயம் கேளுங்கள். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மாதம் ஏறக்குறைய 20,000 சிடிசி என்று வைத்துக்கொள்வோம். அதில் மொத்தச் சம்பளம் 17,400, அதற்குள் அடிப்படையும் டிஏவும் (பஞ்சப்படி) சேர்ந்து 12,000. கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) அந்த 12,000-இல் 12 சதவீதம், 1,440 ரூபாய். கம்பெனி கட்டும் இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) 17,400-இல் 3.25 சதவீதம், சுமார் 566. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 12,000-இல் 4.81 சதவீதம், சுமார் 577. எல்லாம் சேர்ந்துதான் அந்த 20,000. இனி உங்கள் பங்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் சுமார் 131 பிடித்தால் கையில் 15,800 சொச்சம்தான் வரும். கேன்டீன், பஸ், ஹாஸ்டல் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். பிஎஃப் உங்கள் பணம்தான், எங்கேயும் போகாது. ஆனால் ஊரில் அம்மாவிடம் 20,000 வரும் என்று சொல்லிவிட்டு வந்து முதல் மாதமே மனம் நோகாமல் இருக்க இந்தக் கணக்கு முன்பே தெரிய வேண்டும்.

வேலை அப்ரண்டிஸா, டிரெய்னியா, கான்ட்ராக்டா, கம்பெனி ரோலா என்றும் கேளுங்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் சம்பளத்துக்குப் பதில் உதவித்தொகை, பொதுவாக பிஎஃப், இஎஸ்ஐ இருக்காது. அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸின் தளத்தில் பதிவு செய்து ஒரு வருடப் பயிற்சியை முடித்தால், சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் வழியாகச் சான்றிதழ் கிடைக்கும், அடுத்த கம்பெனியில் அது அனுபவமாக நிற்கும். டிரெய்னி என்ற பெயரில் இரண்டு மூன்று வருடம் பாண்ட் எழுதி வாங்கி ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் இடம்தான் வேண்டாம்.

காசு கேட்டால்

வேலைக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். யூனிஃபார்ம், டிரெய்னிங், செக்யூரிட்டி டெபாசிட், மெடிக்கல் என்று எந்தப் பெயரில் ஜிபே கேட்டாலும் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு, கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து பெரிய கம்பெனியின் லோகோ போட்டு வரும் ஆஃபர் லெட்டரும் இப்படித்தான். ஆள் எடுக்கும் கம்பெனி உங்களிடம் பணம் வாங்காது. ஏஜென்சி வைத்தால் ஏஜென்சிக்கு நாங்கள்தான் கட்டணம் கொடுக்கிறோம். அரசின் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களுக்கும் கட்டணம் இல்லை. முகாமுக்குப் போனால் கூட்டத்தைப் பார்த்து மலைக்காமல், எந்தெந்த ஸ்டாலுக்கு என்று முதலிலேயே பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் எங்களுக்கே கண் இருட்டிவிடும்.

முடிந்த பிறகு

அன்றைக்கு மாலையே கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதி வையுங்கள். அடுத்த கம்பெனியிலும் அவைதான் வரும். சொன்ன தேதிக்குள் பதில் வராவிட்டால் ஒருமுறை மெயில் போடுங்கள், இரண்டு வரி போதும். தினமும் போன் செய்ய வேண்டாம்.

ஆஃபர் வந்தால் பதவியின் பெயர், எந்த யூனிட், சம்பளப் பிரிவு, புரொபேஷன் காலம், நோட்டீஸ் காலம், சேர வேண்டிய தேதி எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் கிடைத்துவிட்டது, வரப்போவதில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சேரும் நாளில் ஆள் வராமல், போனும் எடுக்காமல் இருந்தால் அந்த ஷிஃப்ட்டில் ஒரு லைன் நின்றுபோகும். ஒரு போன் செய்துவிட்டால் அந்த இடத்துக்கு வரிசையில் காத்திருக்கும் இன்னொரு பிள்ளையை அன்றைக்கே கூப்பிட்டுவிடுவேன். நீங்களும் ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பித்தால் கதவு திறந்தே இருக்கும்.